ஏழு மாதம் என்று எழுதிக்கொண்டார்கள்

பேரனின் தலைமாட்டில் இருந்த திரை தொண்ணூற்றிரண்டு என்று காட்டியது. ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு இருக்கிறது என்பதற்கான எண் அது. நூற்றுக்கு எட்டு குறைகிறது. வாயுவோ சுவரில் பதித்த குழாயிலிருந்து தாராளமாக வருகிறது. குமிழை இன்னும் கொஞ்சம் திருப்பினால் என்ன குறைந்துவிடும் என்று செவிலியரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் மருத்துவரைக் கூப்பிட்டார். நான் வட்டாட்சியர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பதில் சொல்லாமல் மேலதிகாரியைக் கூப்பிடுவது என்ன வகையான பதில் என்று எனக்குத் தெரியும்.

"நூறு வேணாம் சார்," என்றார் டாக்டர் வைதேகி. பச்சிளங்குழந்தைப் பிரிவு அவர் பொறுப்பில் இருந்தது. "குறைமாசக் குழந்தைக்கு ஆக்சிஜன் அதிகமாக் குடுத்தா விழித்திரையில ரத்தக்குழாய் கண்டபடி வளர்ந்து கண்ணு போயிடும். கொறஞ்சா மூளைக்குக் கெடுதல். அதனால தொண்ணூறுக்கும் தொண்ணூத்தஞ்சுக்கும் நடுவுல வெச்சிருக்கோம்."

"குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு என்றால் விதிதான் என்ன?"

"அந்த நடுவுதான் சார் விதி."

இப்படிப்பட்ட ஒரு விதியை நான் என் பணிக்காலத்தில் பார்த்ததில்லை. அங்கே மனு ஏற்கப்படும், அல்லது நிராகரிக்கப்படும். இரண்டும் இல்லையென்றால் யாரையாவது பார்க்க வேண்டும். இங்கே பார்க்க வேண்டியவரையே பார்த்தாகிவிட்டது.

என் ஒரே மகள் எஸ்தர். காஞ்சிபுரம் பக்கம் முசரவாக்கத்தில் பிறந்து, அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்களின் பேரனாகிய நான், அரசாணைகளை மனப்பாடம் செய்து ஒரு நாற்காலியைப் பிடித்தவன். விதி தெரியாதவனை அலுவலகம் தின்றுவிடும் என்பதைச் சிறு வயதிலேயே பார்த்துவிட்டேன். மகளை ஓரிக்கையில் கொடுத்தேன். மாப்பிள்ளை டேவிட் ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். அவன் அம்மா சாராம்மா பட்டுப்புடவை முந்தானைக்குக் குஞ்சம் கட்டுகிறவர். கடைக்காரர்கள் மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார்கள், அவர் உட்கார்ந்து கட்டித் தள்ளுவார். என் மனைவி உயிரோடு இல்லை. ஆகவே எஸ்தரின் மாதத்தை எண்ணி வைத்திருந்தவர் சாராம்மாதான். ஆண்கள் இதையெல்லாம் எண்ணுவதில்லை. "இன்னும் நாள் இருக்குது" என்பதற்கு மேல் எங்களுக்கு எதுவும் சொல்லப்படுவதுமில்லை.

ஒரு காலையில், டேவிட் வேலைக்குப் போன பிறகு, எஸ்தருக்கு ரத்தப்போக்கு. குழந்தை பிறந்த பிறகு பிரிய வேண்டிய நஞ்சுக்கொடி, குழந்தை உள்ளே இருக்கும்போதே கர்ப்பப்பைச் சுவரிலிருந்து பிரிந்துவிட்டது. வயிற்றுக் குழந்தைக்கு மூச்சு என்பது தாயின் ரத்தம்தான். அது வருகிற வழியே கழன்றுபோனது. சாராம்மா ஆம்புலன்ஸில் கூடப் போனார். நெடுஞ்சாலையில் இருக்கிற அந்தப் பெரிய மருத்துவமனைக்கு நான் போய்ச் சேர்வதற்குள் அறுவை முடிந்திருந்தது. பையன் அழவில்லை. தொண்டைக்குள் குழாய் விட்டு மூச்சு கொடுத்தார்கள். எஸ்தர் மயக்கத்தில் இருந்தாள். வாசலில் இருந்தவர்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னவர் சாராம்மா.

எதைச் செய்தாலும் விதியைப் படித்துவிட்டுச் செய்பவன் நான். அன்றே கைபேசியில் படித்தேன். பிறக்கும்போது மூச்சுத் திணறிய குழந்தையின் உடலைக் குளிர்வித்து வைத்தால் மூளையின் சேதம் குறையும் என்று இருந்தது. மறுநாள் டாக்டர் வைதேகியின் வழியை மறித்தேன்.

"அது நிறைமாசக் குழந்தைக்கு சார். இவ்ளோ முன்னாடி பொறந்த குழந்தைக்குச் செய்யக் கூடாது. குளுமையே ஆபத்தாயிடும்."

"விதிவிலக்கு?"

"இல்ல சார்."

"அப்படியென்றால் இவனுக்கு என்ன செய்கிறீர்கள்?"

"மேற்கொண்டு கெடாம பாத்துக்கறோம்."

எரிச்சலாக இருந்தது. ஒரு துறை தன் பணியை இவ்வளவு அடக்கமாக விவரித்தால் அங்கே பணமோ ஆளோ இல்லை என்று பொருள். இங்கே இரண்டும் இருந்தன. வழிதான் இல்லை.

மூளையின் வெள்ளைப்பகுதி என்ற சொல்லை அன்றுதான் முதலில் கேட்டேன். டாக்டர் மின்கம்பியை வைத்து விளக்கினார். காஞ்சிபுரத்துக்காரனிடம் கம்பியை ஏன் இழுக்க வேண்டும்? நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். ஜரிகை என்பது என்ன? நடுவில் ஒரு பட்டு நூல், அதன்மேல் தட்டையாக்கிய மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றிக்கொண்டே போவது. மூளையில் யோசிக்கிற பகுதியிலிருந்து காலுக்கும் கைக்கும் செய்தி கொண்டுபோகும் நரம்பிழைகள் அந்தப் பட்டு நூல் மாதிரி. அவற்றின்மேல் கொழுப்பாலான ஓர் உறை சுற்றப்பட வேண்டும். சுற்றினால்தான் செய்தி வேகமாகப் போகும். அந்த உறை வெள்ளையாகத் தெரிவதால் அந்தப் பகுதிக்கு வெள்ளைப்பகுதி என்று பெயர்.

சுற்றுவதற்கென்றே தனி உயிரணுக்கள் இருக்கின்றன. தாய் வயிற்றின் கடைசி மாதங்களில் அவை இன்னும் வேலை கற்றுக்கொள்ளும் நிலையில்தான் இருக்கும். அந்த நேரத்தில் பிராணவாயு தடைபட்டால் முதலில் அடி விழுவது அவற்றுக்குத்தான். சில செத்துப்போகும். அவற்றின் இடத்தை நிரப்பப் புதியவை வரும். ஆனால் வந்தவை வளராமல் நின்றுவிடக்கூடும். ஆள் இருப்பார்கள், சுற்றும் வேலை நடக்காது. இதை எனக்கு யாரும் இரண்டாம் முறை விளக்க வேண்டியிருக்கவில்லை. நான் பணிபுரிந்த சில பிரிவுகள் அப்படித்தான் இயங்கின.

"பாதிப்பு எவ்வளவு?"

"இப்ப தெரியாது சார்."

"எப்போது தெரியும்?"

"மாசம் நெறைஞ்ச பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்தா ஓரளவு. மத்தது அவன் வளர வளர."

"நடப்பானா?"

டாக்டர் வைதேகி என்னைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத முகம். "அதுவும்தான் சார்," என்றார்.

எங்கள் நாட்கள் எல்லாம் அந்தக் காத்திருப்புக் கூடத்தில் கழிந்தன. இரும்பு நாற்காலிகள் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டிருக்கும். ஒருவர் எழுந்தால் நான்கு பேர் ஆடுவோம். காப்பீட்டு அட்டைக்கு ஒரு சன்னல், அதற்கு ஒப்புதல் வாங்க இன்னொரு சன்னல். அட்டையில் அடங்காத ஊசிகளுக்கு மருந்தகத்தில் வரிசை. அங்கே நான் பயன்பட்டேன். எந்தக் காகிதத்துக்கு எந்தக் கையெழுத்து வேண்டும் என்பதைச் சன்னலுக்குப் பின்னால் இருந்தவரை விட எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தாமலிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்துக்கும் சேர்த்து நானே எழுதிக் கொடுத்தேன். அவர்கள் பதிலுக்கு எனக்கு இட்லி கொடுத்தார்கள். லஞ்சம் வாங்காமலே ஓய்வு பெற்றவன் என்ற பெருமை அந்த இட்லியோடு முடிந்தது.

சாராம்மா கூடத்தின் மூலையில் புடவையை மடியில் போட்டுக்கொண்டு குஞ்சம் கட்டுவார். காவலாளி வந்து நிற்பார்.

"இங்க இதெல்லாம் செய்யக் கூடாதும்மா."

"சும்மா குந்திக்கினு இருந்தா பைத்தியம் புடிக்குதுபா. நான் இன்னா அடுப்பா மூட்டுறேன்?"

"ரூல்ஸ்மா."

"ரூல்ஸ் எல்லாம் அதோ எங்க சம்மந்திகிட்ட பேசிக்கோ. அவுரு அதுலயே பொறந்தவரு."

காவலாளி என்னைப் பார்ப்பார். நான் சுவரைப் பார்ப்பேன்.

குழாயை எடுத்த பிறகும் பையன் அவ்வப்போது மூச்சு விட மறந்துபோவான். மூச்சு விடச் சொல்லும் மூளைப்பகுதி குறைமாதத்தில் இன்னும் பழகியிருக்காது. மணி அடிக்கும், செவிலியர் வந்து உள்ளங்காலைச் சுண்டுவார், ஞாபகம் வந்ததுபோல் மூச்சு விடுவான். அதற்கு மருந்தாகக் கொடுத்தது கஃபீன். காபியில் இருப்பதேதான். பிறந்து பல் முளைக்கும் முன்பே காபி குடித்த முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் அவன்தான். டேவிட் இரவுப்பணி முடித்து வருவான், கைகழுவிச் சட்டையைக் கழற்றுவான், பையனை மார்போடு ஒட்டவைத்துத் துணியால் கட்டிக்கொள்வான். உட்கார்ந்தபடியே தூங்கக் கூடாது என்பது விதி. தூங்காமல் இருக்க அவன் தொழிற்சாலைக் கதைகளைப் பையனுக்குச் சொல்லிக்கொண்டிருப்பான். "உங்கப்பன் இன்னைக்கு இன்னா பண்ணான் தெரியுமாடா" என்று அவன் தொடங்கும்போது திரையில் எண் மெல்ல ஏறுவதை நானே பார்த்திருக்கிறேன்.

உச்சிக்குழி வழியாகத் தலைக்கு அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள். ரத்தக்கசிவு இல்லை, ஓட்டை இல்லை என்றார்கள். சாராம்மா கண்ணை மூடி ஜெபித்தார். நுண்ணிய பாதிப்பு இதில் தெரியாது என்று டாக்டர் அடுத்த வாக்கியத்தில் சொன்னார். அந்த அடுத்த வாக்கியத்தைச் சாராம்மா கேட்கவில்லை.

பிறந்து இரண்டு மாதம் ஆனபோது, வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். மாதம் நிறைந்த பிறகு எடுப்பதாக இருந்தது. அவர்கள் கணக்கில் நிறைய இன்னும் ஒரு மாதம் இருந்தது. ஆனால் இப்போது இயந்திரம் காலியாக இருக்கிறது, வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்ப வருவது சிரமம் என்றார்கள். எனக்கும் நியாயமாகப் பட்டது. பால் கொடுத்து, துணியில் இறுக்கிச் சுற்றி, தூங்க வைத்து உள்ளே அனுப்பினோம். வயதுக்கு ஏற்றபடி இருக்கிறது என்று முடிவு வந்தது. எஸ்தர் என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் மூன்று சன்னல்களில் கையெழுத்துப் போட்டு அனைவரையும் ஓரிக்கைக்கு அழைத்துப்போனேன். வழியில் டேவிட் பிரியாணி வாங்கினான்.

நேசன் என்று பெயர் வைத்தார்கள்.

ஐந்தாம் மாதம் நிறைந்தபோது பையன் தலையை நிறுத்தவில்லை. கைவிரல்கள் எப்போதும் கட்டைவிரலை உள்ளே வைத்து மூடியே இருந்தன. துணி மாற்றும்போது கால்களை விரிக்க எஸ்தர் பலம் கொடுக்க வேண்டியிருந்தது. மீண்டும் மருத்துவமனைக்குப் போனோம். அன்று டாக்டர் வைதேகி விடுப்பில் இருந்தார். வேறொரு இளம் மருத்துவர் தாளைப் புரட்டினார். குறைமாதக் குழந்தைக்குப் பிறந்த நாளிலிருந்து வயது எண்ணக் கூடாது, எத்தனை மாதம் முன்னதாகப் பிறந்ததோ அதைக் கழித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும் என்றார். மூன்றைக் கழித்தால் இவனுக்கு வயது இரண்டு மாதம்தான். இரண்டு மாதத்தில் கை மூடியிருப்பது சகஜம், தலையும் நிற்காது. கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்றார்.

பொறுத்துப் பார்ப்போம். இந்தச் சொல்லை நானே எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கேட்டபோதுதான் அதன் ருசி தெரிந்தது. ஆனாலும் கணக்கு சரியாக இருந்தது. கணக்கு சரியாக இருந்தால் நான் வாதாடுவதில்லை.

ஓரிக்கையில் அன்று மாலை எல்லாருக்கும் அதை விளக்கினேன். விளக்குவது என் வியாதி. "பத்தாம் மாதம் பிறந்திருக்க வேண்டியவன் ஏழாம் மாதம் பிறந்தான். மூன்று மாதம் கடன். அதைக் கழித்தால் இரண்டு மாதக் குழந்தை. ஆகவே பயப்பட ஒன்றும் இல்லை."

எஸ்தர் சமையலறைக்குள் எழுந்து போனாள். சாராம்மா முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த நூலைப் பல்லில் கடித்தபடி அப்படியே இருந்தார். பிறகு நூலை எடுத்துவிட்டுக் கேட்டார்.

"அண்ணா, அப்போ மாசத்தக் கொறச்சுச் சொன்னா, புள்ள வயசும் கொறஞ்சுடுமா?"

"குறையும்."

"கொறஞ்சா, சீக்கிரத்துல வைத்தியம் பாக்க மாட்டாங்களா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "சம்மந்தி, என்ன சொன்னீங்க அங்க?"

உள்ளேயிருந்து எஸ்தர்தான் சொன்னாள். "எட்டாவது மாசம்பா. அத்தை ஏழுன்னு சொல்லிட்டாங்க. எட்டுன்னு யாருகிட்டயும் வாயத் தொறக்காதேன்னாங்க. டாக்டருங்க ஸ்கேன்ல கண்டுபுடிச்சுக்குவாங்கன்னு நெனச்சேன்."

ஏழில் பிறந்தது பிழைக்கும், எட்டில் பிறந்தது தங்காது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். எந்த மருத்துவ நூலிலும் இல்லை, எந்த அரசாணையிலும் இல்லை, வேதாகமத்திலும் இல்லை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவ அம்மாள் அதை நம்புகிறார், பி.எஸ்சி. படித்த என் மகள் அதற்குத் துணை போயிருக்கிறாள். நான் கத்தினேன். ஒரு மாதத்தை விழுங்கிவிட்டீர்களே, புள்ளையின் காலை வைத்து விளையாடியிருக்கிறீர்களே என்று என்னென்னவோ கத்தினேன்.

"வுடுங்க மாமா," என்றான் டேவிட். "அம்மாவுக்கு எனக்கு முன்னாடி ஒண்ணு பொறந்துச்சு. எட்டுல."

சாராம்மா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பொண்ணு. பெரியாஸ்பத்திரில இருந்த நர்சு, எத்தனாவது மாசம்னு கேட்டா. எட்டுன்னேன். ஐயோன்னு வாயப் பொத்திக்கினா. அந்த வார்த்த சொல்லி வாய மூடல, சாயந்திரமே பூட்ச்சு. பேரனத் தூக்கிக்கினு உள்ள ஓடுறாங்க, அதே கேள்வி. நான் இன்னா சொல்றதுண்ணா?"

கத்துவதற்கு என்னிடம் இன்னும் நிறைய மீதி இருந்தது. அதை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

மறுவாரம் டாக்டர் வைதேகியிடம் நானே சொன்னேன். "நீங்க சொல்லுங்கண்ணா, என் வாயால வராது," என்று சாராம்மா வெளியிலேயே நின்றுவிட்டார். டாக்டர் கணினியில் பழைய எம்.ஆர்.ஐ. படத்தை எடுத்தார். மூளையின் நடுவில், காலுக்கும் கைக்கும் போகும் நரம்பிழைகள் கட்டாகக் கீழிறங்கும் ஒரு வளைவு. அங்கே பேனாவை வைத்தார்.

"மாசம் நெறைஞ்ச குழந்தைக்கு இந்த இடத்துல ஒரு கோடு பளிச்சுன்னு வெள்ளையாத் தெரியணும் சார். உறை சுத்த ஆரம்பிச்சதுக்கு அடையாளம். ஒரு மாசம் முந்தின குழந்தைக்கு இருக்காது. இல்லாததுதான் சரி."

"இவனுக்கு?"

"இல்ல. அன்னைக்கு அது சரின்னு எழுதினோம்."

அவர்கள் கணக்கில் அவன் அன்று இன்னும் பிறந்திருக்கவே வேண்டாதவன். உண்மையில் பத்து மாதம் நிறைந்தவன். ஒரே படம்தான். ஒரு கணக்கில் பழுதில்லை, இன்னொரு கணக்கில் பழுது.

"நீங்கள் ஏன் சரிபார்க்கவில்லை?" என்று கேட்டேன். கேட்கும் உரிமை இருந்தது.

"கர்ப்ப அட்டையைக் கொண்டாங்கன்னு பல தடவை கேட்டோம். வீட்ல வெச்சுட்டேன்னாங்க பாட்டி. உள்ளங்கால் ரேகையைப் பாத்தப்போ எனக்கே ஒரு சந்தேகம். குழந்தை எடை கொறச்சலா இருந்துச்சு, ஏழுதான்னு வுட்டுட்டேன்." பேனாவை மேசையில் வைத்துவிட்டு, "வுட்டிருக்கக் கூடாது," என்றார்.

ஓர் அதிகாரி என் எதிரில் இப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. மேல்முறையீடு எழுத மனதில் தயாரித்திருந்த பத்திகள் எல்லாம் வீணாயின. அது கூட எரிச்சலாகத்தான் இருந்தது.

"இனிமேல்?"

"இப்பவே பயிற்சி ஆரம்பிக்கணும். நின்னுபோன செல்லு திரும்ப வேலை செய்யுமான்னு யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா மூளை முதல் ரெண்டு வருசம் வேகமாக் கத்துக்கும். மாற்று வழி போட்டுக்கும். போன மாசங்கள் போனதுதான். இருக்கறத வீணாக்க வேணாம்."

நடப்பானா என்று கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு அந்தக் கட்டடத்தில் சன்னல் இல்லை என்று புரிந்துவிட்டது.

பயிற்சி மையத்துக்கு நான், எஸ்தர், சாராம்மா மூவரும் போனோம். பையன் சாராம்மாவின் மடியில் இருந்தான். இடம் மாறினால் எல்லாக் கேள்விகளையும் முதலிலிருந்து கேட்பார்கள். பெயர், ஊர், தாயின் வயது, அறுவையா சுகப்பிரசவமா. கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஒரு பயிற்சிப் பெண் வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தார். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு தயாராக இருந்தேன்.

"எத்தனாவது மாசத்துல பொறந்தான்?"

நான் வாயைத் திறப்பதற்குள் சாராம்மா கையைத் தூக்கி என்னை நிறுத்தினார். பையனை நெஞ்சில் சாய்த்துக்கொண்டார். நூல் இழுத்துக் காய்த்துப்போன இரண்டு உள்ளங்கைகளாலும் அவன் காதுகளை இறுக மூடினார்.

"எட்டு," என்றார். "எழுதிக்கோம்மா. எட்டாவது மாசம்."

காது மூடியது பையனுக்குப் பிடிக்கவில்லை. முகம் சிவக்க, அந்தக் கைகளிலிருந்து விடுபடத் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளினான். அந்தப் பெண் அதையும் எழுதிக்கொண்டார்.